மாப்பிள்ளையின் அறை

"சார், நாயோட ரூம் எங்களுக்கு வேணும்."

இந்த ஒன்றை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று, நான் இந்த ரயில்வே பாதுகாப்புப் படை அவுட்போஸ்ட்டில் சேர்ந்த அன்றைக்கே, எனக்கு மூத்த கான்ஸ்டபிளான அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டியூட்டியை மாற்றிக் கேள், லீவு கேள், புது ஷூ கேள், திட்டு வாங்கு, ஒன்றும் ஆகாது. நாய் ரூமைக் கேட்காதே. எனக்கு முன்னால் ஒருத்தி கேட்டாளாம். இப்போது சரக்கு யார்டில் காலி வேகன்களுக்குக் காவல் நிற்கிறாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வேகன் நம்பர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு திரிகிறாளாம்.

இன்ஸ்பெக்டர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சல் பாதியில் நின்றது.

"என்னம்மா சொன்னே?"

"டிரஸ் மாத்த, உக்கார, கொஞ்சம் காலை நீட்ட லேடீஸ்க்கு ஒரு இடம் இல்ல சார். மாப்பிள்ளைக்கு மட்டும் தனி ரூம், ஃபேன், கட்டில், தண்ணிக்குழாய் எல்லாம் இருக்கு."

மாப்பிள்ளை என்பது நாய். மோப்ப நாய். ரெக்கார்டில் அவனுக்கு வேறு ஏதோ கம்பீரமான பெயர் உண்டு. ஆனால் அவனுக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்த எவருக்கும் வேறு பெயர் வாயில் வராது.

"அது சும்மா நாய் இல்லம்மா. அதுக்கு ரேங்க் இருக்கு. உன்னைவிடப் பெரிய ரேங்க்."

"தெரியும் சார். ஒரு தடவை இருட்டுல சல்யூட்டே அடிச்சிருக்கேன்."

"கிண்டலா? நம்ம படை எதுக்கு இருக்கு, சொல்லு. ரயில்வே சொத்தைப் பாதுகாக்க. நாய் ரயில்வே சொத்து. நீ ரயில்வே சொத்தா?"

"இல்ல சார்."

"அப்புறம்?"

அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் எரிச்சல். எங்கள் படை அப்படிப்பட்டதுதான். தண்டவாளம், அதைப் பிடித்திருக்கும் ஆணி, தாமிரக் கம்பி, பெட்டியில் சுற்றும் ஃபேன், கழிப்பறையில் சங்கிலி போட்டுக் கட்டிய குவளை, இவையெல்லாம் எங்கள் பொறுப்பு. ஓடும் ரயிலில் ஒருவனைக் கத்தியால் குத்தினால் அது மாநில ரயில்வே போலீஸ் கேஸ். குத்தும்போது சீட் கிழிந்தால் அது எங்கள் கேஸ். குத்துப்பட்டவன் பிளாட்பாரத்தில் இறங்கி ரத்தம் சொட்ட நின்றால் யார் கேஸ் என்று இரண்டு தரப்பும் பேசி முடிப்பதற்குள், அவனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான்.

சமீபத்தில்தான் பெண் பயணிகளின் பாதுகாப்பையும் எங்கள் தலையில் சேர்த்தார்கள். அதற்காகப் பெண்களான எங்களை வேலைக்கு எடுத்தார்கள். போஸ்டர் அடித்து ஸ்டேஷன் முழுக்க ஒட்டினார்கள். அதில் ஒரு பெண் கான்ஸ்டபிள் பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் மாடலாகத்தான் இருக்க வேண்டும். காலையிலிருந்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறவளுக்கு அப்படிச் சிரிப்பு வராது.

நாங்கள் யூனிஃபார்ம் மாற்றுவது பெண் பயணிகளின் காத்திருப்பு அறையில். கழிப்பறைக்கும் அவர்களோடுதான் வரிசை. யூனிஃபார்மில் வரிசையில் நின்றால் ஒரு அம்மா என் பெட்டியைப் பார்த்துக்கொள் என்பாள், இன்னொருத்தி தன் குழந்தையையே கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். பிறகு நாங்கள் உள்ளே போவதற்குள் ரயில் வந்துவிடும். அதனால் டியூட்டியில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அக்காவும் குடிப்பதில்லை. அவர் வயிற்றில் குழந்தை இருக்கிறது. பெல்ட் மாட்டுகிற கட்டமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. யூனிஃபார்ம் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் தூணில் சாய்ந்து நிற்பார். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் கத்தினாராம். "டாக்டரம்மாவுக்கு அட்டாச்டு பாத்ரூம் இருக்கு, கத்துவாங்க" என்றார் அக்கா.

என் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். பௌதிகம். அப்பா இதே மாதிரி ஒரு ஸ்டேஷனில் மூட்டை தூக்கினார். வேலையில் சேரப் போகிறபோது அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி: "பெரியவங்ககிட்ட நீயா எதுவும் கேக்காதம்மா. அவங்களா குடுத்தா வாங்கிக்க." அவர்களாகக் கொடுத்து அப்பா வாங்கியது முதுகுவலி ஒன்றுதான். ஆனாலும் நான் கேட்கவில்லை. அக்கா தூணிலிருந்து சரிந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்லடி, ஷூ லேஸ்" என்று சொன்ன அன்றைக்குத்தான் போய்க் கேட்டேன். அக்காவின் ஷூவில் லேஸே கிடையாது.

இன்ஸ்பெக்டர் என்னை வெளியே அனுப்பினார். நானும் வேகன் நம்பர்களுக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் அந்த வாரமே மறுபடி கூப்பிட்டார். முகம் பூராவும் கருணை.

"உன் கோரிக்கையை நல்லா யோசிச்சேன்மா. நியாயந்தான்."

விஷயம் வேறு. தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். ஒவ்வொரு அவுட்போஸ்ட்டிலும் மகளிர் ஓய்வறை இருக்கிறதா என்று நேரிலேயே பார்ப்பாராம். எங்கள் அவுட்போஸ்ட்டில் ஓய்வறை இருப்பதாக இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அறைதான் பாக்கி.

பிளாட்பாரத்தின் கடைசியில், தகரக் கூரை போட்ட மாப்பிள்ளையின் அறைக்கு "மகளிர் ஓய்வறை" என்று பூப்போட்ட எழுத்தில் ஒரு பலகை வந்தது. ஜன்னலுக்குத் திரை, சுவரில் கண்ணாடி, மூலையில் பிளாஸ்டிக் செடி. மாப்பிள்ளையின் கட்டிலுக்குப் புது விரிப்பு. மெடலோடு அவன் இருக்கும் போட்டோவைக் கழற்றினார்கள், சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. நாய்வாசனை போக வாசனைத் திரவம் அடித்தார்கள். இப்போது பூந்தோட்டத்தில் நனைந்த நாய் நிற்கிற வாசனை.

நான் கதவைச் சாத்திப் பார்த்தேன்.

"சார், உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. வெளியதான் இருக்கு."

"நாய் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குமா?"

"நாங்க போட்டுக்குவோம் சார்."

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்."

"கக்கூஸும் இல்ல."

"சர்க்குலர்ல ஓய்வறைன்னுதான் இருக்கு. கக்கூஸ்னு இல்ல. படிச்ச புள்ளதானே நீ? படிச்சுப் பாரு."

மாப்பிள்ளையைப் பார்சல் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அவன் அங்கே கோழிக்கூடைகளுக்கும் எலிகளுக்கும் நடுவில் கட்டிக் கிடந்து, தலைமையகம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஊளையிட்டான். அவனைப் பார்த்துக்கொள்கிற நாய்க்காரர் பக்கத்திலேயே சாக்கில் படுத்துக்கொண்டார். நல்ல மனிதர். மனிதர்களிடம் பேசத்தான் அவருக்கு வராது.

பெரியவர் வருகிற நாளில் இன்ஸ்பெக்டர் நாடகத்துக்கு ஆள் போட்டார். அக்காவுக்குத்தான் முக்கிய வேஷம்.

"நீ உள்ள படுத்திரும்மா. அவர் கதவைத் திறந்ததும் எழுந்து சல்யூட் அடி. மாசமா இருக்கற பொண்ணு ஓய்வெடுத்தா போட்டோ நல்லா விழும்."

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டியூட்டி நேரத்தில் அவர் முதுகு கட்டிலைத் தொடுவது அதுதான் முதல் தடவை. என்னிடம் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "குழாய் மூலை இருக்குல்ல, திரையை இழுத்துவிட்டா ஆச்சு. இன்னிக்கு நான் மகாராணிடி" என்று ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

என்னை ஸ்டேஷன் வாசலில் கூட்டத்தைத் தடுக்க நிறுத்திவிட்டார்கள். அதனால் அடுத்து நடந்தது எல்லாம் நாய்க்காரர் பிறகு என்னிடம் திக்கித் திணறிச் சொன்னது.

கட்டிலுக்கடியில் மறந்து கிடந்த மாப்பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் கடைசி நிமிஷத்தில் அவர் உள்ளே போயிருக்கிறார். அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். வருஷக்கணக்காக அந்தக் கதவைவிட்டு வரும்போதெல்லாம் அந்தக் கை செய்கிற வேலை அது. கைக்குப் பலகையைப் படிக்கத் தெரியாதே.

பிறகு மாப்பிள்ளையின் திறமையைக் காட்டுகிற நிகழ்ச்சி. பெஞ்சுக்கடியில் வெடிமருந்து வாசனை போட்ட ஒரு பை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் குண்டு என்று அர்த்தம். குரைக்கிற நாய் இந்த வேலைக்கு லாயக்கில்லை. போட்டோக்காரர் தயாராக நின்றார்.

மாப்பிள்ளை பையைக் கண்டுகொள்ளவே இல்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு நாய்க்காரரை இழுத்துக்கொண்டு பெஞ்சைத் தாண்டி, பெரியவரைத் தாண்டி, பிளாட்பாரத்தின் கடைசிக்கே போனான். தன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. யாராவது திறப்பார்கள் என்று அதன் முன்னால் உட்கார்ந்தான். காதை நிமிர்த்திக் கதவையே பார்த்தான். குரைக்கவில்லை. நல்ல பயிற்சி.

"யாரும் அசையாதீங்க!" என்று பெரியவர் கத்தினாராம்.

நாய் உட்கார்ந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்று படை முழுமைக்கும் விதி எழுதியவரே அவர்தான். ஆட்கள் எல்லோரும் வெளியே. ரயில்கள் நிற்க வேண்டும். மின்சாரம் கட். பாம் ஸ்குவாட் வந்து பார்க்கும்வரை அந்தக் கதவை ஒருவரும் தொடக்கூடாது. "நாய் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்" என்று அங்கேயே ஒரு வகுப்பும் எடுத்திருக்கிறார். பிறகு, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

இருக்கிறார்கள் என்றால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் நாய் ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிப் படுக்கும். நாய்க்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார்: "காலி சார்."

இது ஒன்றும் தெரியாமல் நான் வாசலில் ஜனங்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். அவர் ரயில் வழக்கத்துக்கு மாறாகச் சரியான நேரத்துக்கு வந்ததாம், இறங்க மனம் வரவில்லையாம். அவரைச் சாலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விடும்போது என் போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, எல்லாரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஃபேன் நின்னுருச்சு. கதவு திறக்க மாட்டேங்குது."

"அக்கா, நீங்க வெளிய வரலையா?"

"வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்குடி! மைக்ல குண்டு குண்டுன்னு சொல்றானே, எங்க குண்டு?"

"இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்."

"குண்டு எங்கன்னு கேட்டா, இருங்கன்னு சொல்றா பாரு. படிச்சவ!"

நாய்க்காரர் எதிரே சைக்கிள் ஸ்டாண்டு ஷெட்டில் மாப்பிள்ளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுகிற முகம். உலுக்கியதில் எல்லாம் வெளியே வந்தது. நான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"குண்டெல்லாம் இல்லக்கா. மாப்பிள்ளை வீட்டு வாசல்ல உக்காந்துட்டான், அவ்வளவுதான்."

அக்கா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். "நல்லவேளைடி, குழாய் மூலை வேலையை முடிச்சுட்டேன். மாப்பிள்ளை கோச்சுக்க மாட்டான்ல?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "சீக்கிரம் வாடி. மேல தகரம் கொதிக்குது. தலை ஒரு மாதிரி சுத்துது. குடிக்கத் தண்ணி இல்ல, குழாய்லயும் வரல." மோட்டாருக்கும் மின்சாரம் போய்விட்டது என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அதே ஷெட்டில் டோக்கன் போடுகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து போன்மேல் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், அக்கா உள்ள இருக்காங்க."

"தெரியும். மெதுவாப் பேசு."

"தெரியுமா?"

"குண்டு இல்லன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்ப அவளுக்கு என்ன ஆபத்து? இந்த ஸ்டேஷன்லயே பத்திரமான இடம் அதான். ஓய்வறை கேட்டீங்க, குடுத்தாச்சு. ஓய்வெடுக்கட்டும்."

"ஃபேன் இல்ல, தண்ணி இல்ல. உச்சி வெயில், தகரம். மாசமா இருக்கற பொண்ணு சார்."

"பாம் ஸ்குவாட் வந்துட்டே இருக்கு. பார்ப்பாங்க, ஒண்ணுமில்லன்னு சொல்லுவாங்க, முடிஞ்சுது. நாய்க்கு இன்னொரு மெடல் கிடைக்கும், எனக்கும் ஏதாவது கிடைக்கும்."

"எங்கருந்து வர்றாங்க?"

"அடுத்த டிவிஷன்லருந்து."

"எதுல?"

"எதுல வருவாங்க? ரயில்லதான்."

நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாய்க்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ரயிலைத்தான் நிறுத்திட்டோமே சார்."

இன்ஸ்பெக்டர் மறுபடி போனை எடுத்தார். அந்தப்பக்கம் யாரோ, விதிப்படி எல்லா ரயிலும் முந்தின ஸ்டேஷன்களிலேயே நிற்பதாக, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில் சொன்னார்கள். பாம் ஸ்குவாட் வயல்வெளிக்கு நடுவில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில், நாங்கள் குண்டைப் பார்த்து முடிப்பதற்காகக் காத்திருந்தது.

"ரோட்டுல வரச் சொல்றேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆகும்."

"பெரியவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க சார். அது நாயோட ரூம், உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டிருக்கான்னு. இப்பவே."

"உனக்கு என்ன பைத்தியமா? நடுச்சாலையில கார்ல உக்காந்து பேட்டி குடுத்திட்டிருக்காரு. நாய் எப்படி நூத்துக்கணக்கான உயிரைக் காப்பாத்துச்சுன்னு. இப்ப போய், சார் அவன் வீட்டுக்குப் போகணும்னு அடம் பிடிச்சான்னு சொல்லவா?"

"ஆமா சார்."

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். குரலில் மறுபடி அந்தக் கருணை.

"இங்க பாரும்மா. நீ இன்னும் ப்ரொபேஷன்ல இருக்க. உன் கன்ஃபர்மேஷன் என் கையெழுத்துல நிக்குது. வாயை மூடிட்டிரு. இது முடிஞ்சதும் அந்த ரூம் உங்களுக்குத்தான். நிஜமாவே. நாயை வேற எங்கயாவது மாத்திடறேன். உள்ள தாழ்ப்பாள், கக்கூஸ், எல்லாம். நானா சொல்றேன், நீ கேக்கவே வேணாம்."

அப்பா சொன்ன நாள் வந்துவிட்டது. பெரியவர்கள் அவர்களாகவே கொடுக்கிறார்கள்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். சாலைக்கு அந்தப்பக்கம், ஆளே இல்லாத பிளாட்பாரத்தின் கடைசியிலிருந்து அந்த ரிங்டோன் கேட்கிறதோ என்று தோன்றியது. கேட்கிற தூரம் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை அந்தப் பக்கமாகக் காதைத் திருப்பினான்.

"எடுக்கல சார்."

"தூங்கறா."

"எடுக்கல சார்."

"ஸ்டேஷன் வாசல்ல கட்டியிருக்கற கயித்தைத் தாண்டிப் போனா உன் வேலை போச்சு. விதி தெரியும்ல? பாம் ஸ்குவாட்டுக்கு முன்னால எவன் அந்தக் கதவைத் தொட்டாலும் டிஸ்மிஸ். எவளா இருந்தாலும்."

நான் நாய்க்காரரிடம் போய்க் கையை நீட்டினேன்.

"அண்ணே, மாப்பிள்ளையைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"கதவைத் திறந்ததும் உள்ள ஓடிக் கட்டில்ல ஏறுவான்ல? பெரியவர் அதைப் பாக்கட்டும். நாய் பொய் சொல்லாதுன்னு அவர்தானே சொன்னாரு."

நாய்க்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளைப் போட்ட தன் கையைப் பார்த்தார். அந்தக் கையாலேயே மாப்பிள்ளையின் கயிற்றை என்னிடம் கொடுத்தார். இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் கழற்றிக் கொடுத்தார். "அவனுக்கு வெச்சிருந்தது. அந்தப் பொண்ணுக்குக் குடும்மா."

"டேய், உனக்கும் சேர்த்துத்தான்!" என்றார் இன்ஸ்பெக்டர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. எங்கள் மூன்று பேரையும்தான் போலிருக்கிறது, நாய் உள்பட.

"எனக்கு சரக்கு யார்டே போட்ருங்க சார்," என்றேன். "அங்க ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. பேச்சுத்துணை ஆச்சு."

"யார்டா? வீட்டுக்கே அனுப்பறேன்டி! டிகிரி இருக்குன்னு திமிரா?"

"ஆமா சார். பௌதிகம். தகரம் எப்படிச் சூடாகும்னு படிச்சிருக்கேன்."

ஷெட்டைவிட்டு வெளியே வந்தேன். வெயில் பளீரென்று முகத்தில் அடித்தது. சாலை முழுக்கப் பெட்டியும் பையுமாக ஜனங்கள். அந்தத் தாத்தா என்னைப் பார்த்து ரயில் விட்டாச்சா என்றார். காரின் கண்ணாடி வழியே பெரியவர் என்னையும் நாயையும் பார்த்தார், கையிலிருந்த மைக்கை இறக்கினார், என்னவோ கேட்டார். பின்னால் இன்ஸ்பெக்டர் என் பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டது. சேர்ந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அவர் என் பெயரைச் சொல்கிறார்.

ஸ்டேஷன் வாசலில் கயிறு கட்டியிருந்த இடத்தில் நான் குனிவதற்குள் மாப்பிள்ளை குனிந்து உள்ளே நுழைந்துவிட்டான். வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இழுத்தான். நானும் ஓடினேன்.